சமையலறைச் சீட்டும் டாட் பேஷ்ஆர்சியும்

பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் நாலு பேர் வீடு எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் சமையலுக்கு ஓர் அக்கா வருவார். அவர் தர்மபுரிக்குப் போய்விட்டால் அவருடைய நாத்தனார் வருவார். அவருக்கும் முடியாவிட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து வேறு யாராவது. வருகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும், "அக்கா, ஒருத்தனுக்குப் பூண்டு ஆகாது, ரசத்துல தட்டிப் போட்டுறாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் அடுப்புக்கு மேலே ஒரு சீட்டை ஒட்டினோம். ரசத்தில் பூண்டு வேண்டாம். உப்பு கம்மி. வெள்ளிக்கிழமை முட்டை கிடையாது. போகும்போது சிலிண்டரை மூடவும். அதன்பிறகு யார் வந்தாலும் முதலில் சீட்டைப் படிப்பார்கள், அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

டெர்மினலைத் திறக்கும்போது நடப்பதும் இதுதான். டெர்மினல் என்பது ஜன்னல். அதற்குள் உட்கார்ந்து நீங்கள் அடிப்பதைப் படித்து வேலையை ஏவுகிற ஆள் ஷெல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் புது ஆள். பக்கத்து ஜன்னலில் ஐந்து நிமிடம் முன்னால் நீங்கள் என்ன ஏற்பாடு செய்து வைத்தீர்கள் என்பது இவருக்குத் தெரியாது. உங்கள் வழக்கம் தெரிய வேண்டுமென்றால் சீட்டு எழுதி வைக்க வேண்டும். பேஷ் ஷெல்லுக்கு அந்தச் சீட்டின் பெயர் டாட் பேஷ்ஆர்சி. விம் எடிட்டருக்கு டாட் விம்ஆர்சி. பொதுவாக இவற்றை டாட்ஃபைல்ஸ் என்பார்கள்.

போன வருஷம் என் சித்தி பையன் சங்கரன்கோவிலிலிருந்து முதல் வேலைக்கு இங்கே வந்தான். மடிவாளாவில் விடிகாலை பஸ்ஸை விட்டு இறங்கி, பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் சேர்ந்து, ஆபீஸில் லேப்டாப் கொடுத்த அன்று இரவே யாரோ ஒருவருடைய செட்டிங்ஸை நெட்டிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிக்கொண்டான். அறுநூறு வரி. திரையில் அம்புக்குறி, இலை, மின்னல் எல்லாம் வரும், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் டெர்மினலைத் திறந்து கர்சர் வருவதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். "இதுல எந்த வரி எதுக்குல?" என்று கேட்டேன். "தெரியலண்ணே, ஆனா நல்லாருக்குல்லா" என்றான். அடுத்த வீட்டுச் சமையல் சீட்டைக் கொண்டுவந்து நம் வீட்டில் ஒட்டிய கதை. அங்கே யாருக்கோ சர்க்கரை வியாதி, இங்கே நமக்குப் பாயசம் கிடையாது.

அவனிடம் அந்த ஃபைலை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, காலிச் சீட்டிலிருந்து ஆரம்பித்தோம். அப்போது சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ஷெல் என்று பாருங்கள். எக்கோ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, டாலர் குறியும் ஷெல் என்ற வார்த்தையை முழுக்கப் பெரிய எழுத்திலும் அடித்தால் விடை வரும். உபுண்டு லினக்ஸ் என்றால் பேஷ். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது. அதற்கு முன்னால் யுனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல் புழக்கத்தில் இருந்தது. அதற்கு மறுபிறவி என்ற சிலேடையில் 'போர்ன் அகெய்ன் ஷெல்' என்று வைத்த பெயர்தான் சுருங்கி பேஷ் ஆனது. 2019-க்குப் பிறகு வந்த ஆப்பிள் மேக் என்றால் பெரும்பாலும் ஸெட்ஷெல். பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த பால் ஃபால்ஸ்டாட் 1990-ல் எழுதியது, பெயரை அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த உதவி ஆசிரியர் ஒருவருடைய லாகின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் சீட்டு எழுதும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஸெட்ஷெல்லில் ஃபைலின் பெயர் மட்டும் டாட் ஸெட்எஸ்ஹெச்ஆர்சி. நான் பேஷை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் பெயரில் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் போய், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டை அடித்தால் அந்த ஃபைல் கண்ணில் படாது. எல்எஸ் மைனஸ் ஏ என்று அடித்தால்தான் தெரியும். புள்ளியில் தொடங்கும் பெயர்களை எல்எஸ் காட்டாது. இதை யாரும் ரூம் போட்டு யோசித்துச் செய்யவில்லை. ஒற்றைப் புள்ளி என்றால் இதே ஃபோல்டர், இரட்டைப் புள்ளி என்றால் மேல் ஃபோல்டர். எல்எஸ் பட்டியலில் இந்த இரண்டும் வந்து தொல்லை கொடுக்காமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துத் தள்ளிவிடும்படி ஒரு சுருக்குவழி எழுதினார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோனது. அட, இது வசதியாக இருக்கிறதே என்று மற்ற புரோகிராம்காரர்கள் தங்கள் செட்டிங்ஸ் ஃபைல்களை அங்கே ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். யுனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் பின்னாளில் சொன்ன கதை இது. பெயரின் கடைசியில் வரும் ஆர்சி அதைவிடப் பழசு. 1960-களில் எம்ஐடியில் ஓடிய ஒரு சிஸ்டத்தில் கமாண்டுகளை வரிசையாக எழுதி ஓட்டுகிற ஃபைலுக்கு ரன்காம் என்று பெயர். அதன் மிச்சம்தான் இந்த ஆர்சி.

சரி, சீட்டில் என்ன எழுதுவது?

உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்பதை ஷெல்லே சொல்லிவிடும். ஹிஸ்டரி என்று அடித்து, ஒரு வாரமாக என்னென்ன அடித்திருக்கிறீர்கள் என்று நிதானமாகப் பாருங்கள். எங்கள் பையனுடைய ஹிஸ்டரியில் பாதிக்கு மேல் ஜிட் ஸ்டேட்டஸ், அதாவது கோடில் செய்த மாற்றங்களைக் கணக்கு வைக்கும் ஜிட்டிடம் நிலவரம் கேட்பது. மீதியில் பாதி, நாலு ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் ஒரே புராஜெக்டுக்குப் போகிற நீளமான சிடி கமாண்ட். இந்த இரண்டுக்கும் ஏலியஸ் போட்டோம். ஏலியஸ் என்றால் செல்லப்பெயர். ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அதுமாதிரி:

ஏலியஸ் ஜிஎஸ்='ஜிட் ஸ்டேட்டஸ்'

இந்த வரியை ஃபைலின் கடைசியில் சேர்த்து, சேவ் செய்தபின் சோர்ஸ் என்று அடித்து ஃபைலின் பெயரைக் கொடுத்தால் ஷெல் சீட்டை மறுபடி படித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் புது ஜன்னல் திறந்தால் போதும். சேவ் செய்த மாற்றம் ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல்களில் தானாக வராது. "எழுதிட்டேன், வேலை செய்ய மாட்டேங்குதுண்ணே" என்ற புகாரில் முக்கால்வாசி இதுதான்.

மீதி கால்வாசி, சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடம் விடுவது. பைத்தானில் எழுதிப் பழகிய கை அழகுக்காக இடம் விட்டுவிடும். பேஷுக்கு அது ஆகாது. ஒரு பெயரில் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் வேரியபிள் வரியில் இடம் விட்டால், முதல் வார்த்தையை ஒரு கமாண்ட் என்று நினைத்துத் தேடிப்போய், காணோம் என்று திரும்பி வரும்.

ஏலியஸில் எனக்கு ஒன்று பிடிக்காது. ஃபைலை அழிக்கும் ஆர்எம் கமாண்டுக்கு, அழிக்கும் முன்னால் கேட்கிற மைனஸ் ஐ சேர்த்து அதே ஆர்எம் என்ற பெயரில் ஏலியஸ் போடச் சொல்லிப் பலர் அறிவுரை சொல்வார்கள். பாதுகாப்புதானே என்று தோன்றும். உங்கள் லேப்டாப்பில் ஒரு வருஷம் அப்படிப் பழகிவிட்டு, அந்த ஏலியஸ் இல்லாத சர்வரில் போய் ஆர்எம் அடித்துப் பாருங்கள். கேட்கும் கேட்கும் என்று கை நம்பியிருக்கும், அது கேட்காமல் அழித்துவிடும். வேண்டுமானால் வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற கமாண்டின் குணத்தை அதே பெயரில் மாற்றாதீர்கள்.

ஹிஸ்டரி என்றதும் இன்னொன்று. பேஷ் தானாக நினைவில் வைப்பது 500 கமாண்டுகள். உபுண்டு கொடுக்கும் பேஷ்ஆர்சியில் அதை 1000 ஆக்கி, ஃபைலில் 2000 வரை வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் என்று இரண்டு வரி இருக்கும். நான் இரண்டையும் தாராளமாக ஏற்றிவைத்திருக்கிறேன். ஆறு மாதம் முன்னால் சர்ட்டிஃபிகேட் புதுப்பிக்க என்ன அடித்தேன் என்று தேடும்போது கன்ட்ரோல் ஆர் அடித்து இரண்டு எழுத்துப் போட்டால் வந்து நிற்கிறது. என் சீட்டில் ஒரே ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

புராம்ப்ட் என்பது கர்சருக்கு முன்னால் வருகிற வாசகம். பிஎஸ்1 என்ற வேரியபிளில் இருக்கிறது. பின்சாய்வுக்கோடும் யு எழுத்தும் சேர்ந்தால் பயனர் பெயர், ஹெச் சேர்ந்தால் மெஷின் பெயர், சின்ன டபிள்யு என்றால் ஃபோல்டரின் முழு வழி, பெரிய டபிள்யு என்றால் கடைசி ஃபோல்டர் மட்டும். இலையும் மின்னலும் உங்கள் விருப்பம். ஆனால் நிஜமான வாடிக்கையாளர்கள் புழங்கும் சர்வரில் உங்களுக்கென்று தனி லாகின் இருந்தால், அங்கே மெஷின் பெயரைச் சிவப்பில் வரவையுங்கள். டெஸ்ட் மெஷின் என்று நினைத்து நிஜ சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளங்கை வியர்த்த ஒரு மத்தியானம் எனக்கு உண்டு. பல பேர் பகிர்ந்துகொள்ளும் பொது லாகின் என்றால் அங்கே கை வைக்காதீர்கள். நம் ருசிக்கு எழுதிய சீட்டை ஹாஸ்டல் சமையலறையில் ஒட்ட முடியாது.

இப்போது பாத். இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். சில்க் போர்டில் பஸ் நகராமல் நிற்கிறது. ஃபோன். "அண்ணே, எல்எஸ்ஸையே காணோம்ணே." குரல் கம்மியிருந்தது. "என்னல செஞ்ச?" ஒன்றும் செய்யவில்லை என்றான். யாரும் ஒன்றும் செய்வதில்லை. கிளறிக் கேட்டதில் வந்தது: தன் ஸ்கிரிப்டுகளைப் போட்டுவைக்க ஹோமுக்குள் பின் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதைப் பாத்தில் சேர்த்திருக்கிறான். சேர்த்த வரி:

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/பின்"

எல்எஸ் என்று அடித்ததும் அந்தப் பெயரில் ஒரு புரோகிராம் எங்கே இருக்கிறது என்று ஷெல் தேட வேண்டும். டிஸ்க் முழுக்கத் தேடாது. தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல் பாத் என்ற வேரியபிளில், முக்காற்புள்ளியால் பிரித்து எழுதப்பட்டிருக்கும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டும். இவன் எழுதிய வரி, பட்டியலில் சேர்க்கவில்லை. பழைய பட்டியலையே தூக்கிப்போட்டுவிட்டுத் தன் ஃபோல்டரை மட்டும் வைத்துவிட்டது. எல்எஸ் டிஸ்க்கில் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நானோ எடிட்டர் இருக்கிறது, விம் இருக்கிறது. தேடப் போகிறவனுக்கு விலாசம் இல்லை, அவ்வளவுதான்.

பயந்துபோய் மெஷினை ஃபார்மட் செய்யும் முன்னால் ஃபோன் செய்தானே என்று நிம்மதியாக இருந்தது. "சிடி அடிச்சுப் பாரு." வேலை செய்தது. "எக்கோ?" அதுவும் வேலை செய்தது. ஏனென்றால் சிடி, எக்கோ, எக்ஸ்போர்ட் இதெல்லாம் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கமாண்டுகள், வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. ஆகவே அந்த ஜன்னலிலேயே எக்ஸ்போர்ட் பாத்=/யுஎஸ்ஆர்/பின்:/பின் என்று அடிக்கச் சொன்னேன். எல்எஸ் உயிரோடு வந்தது. நானோவும் வந்தது. ஃபைலைத் திறந்து அந்த வரியை இப்படித் திருத்தினான்:

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/பின்:$பாத்"

கடைசியில் இருக்கும் டாலர் பாத்தான் பழைய பட்டியல். நம் ஃபோல்டரை முன்னால் வைத்தால் நம்முடையதை முதலில் பார்க்கும், பின்னால் வைத்தால் கடைசியில் பார்க்கும். இவ்வளவும் பேசி முடித்தபோதும் பஸ் சிக்னலைத் தாண்டவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு பழக்கம். கை வைக்கும் முன்னால் ஃபைலுக்கு ஒரு நகல். மாற்றியபின், திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல் வேறொரு ஜன்னலைத் திறந்து சோதிப்பது. புதியதில் சொதப்பினாலும் பழைய ஜன்னலில் ஷெல் நன்றாகத்தான் இருக்கும்.

பேஷ் ப்ரொஃபைல் என்று இன்னொரு ஃபைல் இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்பீர்கள். லாகின் செய்து நுழையும்போது பேஷ் அதைப் படிக்கும். உள்ளே வந்தபின் புதுப் புது ஜன்னல் திறந்தால் பேஷ்ஆர்சியைப் படிக்கும். மேக்கின் டெர்மினல் ஒவ்வொரு ஜன்னலையுமே லாகின் என்று வைத்துக்கொள்கிறது. அதனால் மேக்கில் பேஷ் வைத்திருப்பவர்கள் பேஷ்ஆர்சியில் எழுதினால் படிக்கவே இல்லையே என்று முழிப்பார்கள். ப்ரொஃபைலில், பேஷ்ஆர்சியைப் படி என்று ஒரு சோர்ஸ் வரி போட்டுவிட்டால் தலைவலி தீர்ந்தது.

அவன் செய்த இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குக் கொடுத்த சர்வரில், தன் பேஷ்ஆர்சியின் முதல் வரியாக, 'வாடே மக்கா' என்று தமிழில் ஒரு எக்கோ போட்டான். உள்ளே நுழைந்தால் வரவேற்கும். கொம்பும் காலும் வருகிற எழுத்துகள் டெர்மினலின் கட்டங்களில் பிய்ந்து பிய்ந்து வந்தது ஒரு பக்கம். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஆங்கிலத்துக்காக வகுத்த ஏற்பாடு அது, தமிழுக்கு இன்றும் பல டெர்மினல்களில் இடிக்கும். பெரிய வினை மறுநாள்: லேப்டாப்பிலிருந்து அந்த சர்வருக்கு எஸ்சிபியில் ஃபைல் அனுப்ப முடியவில்லை. ஃபைல் அனுப்பும்போதும் அங்கே ஒரு ஷெல் திறந்து சீட்டைப் படிக்கிறது. எதிர்முனையில் இருக்கும் புரோகிராம் கணக்காக ஒரு பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்க, வந்து விழுந்தது 'வாடே மக்கா'. உபுண்டுவின் பேஷ்ஆர்சியில் மேலேயே, இது மனிதர் உட்கார்ந்து அடிக்கும் ஷெல் இல்லையென்றால் இங்கேயே திரும்பிவிடு என்று ஒரு சோதனை இருக்கும். திரையில் எதையாவது காட்டுகிற வரிகளை அதற்குக் கீழே எழுத வேண்டும். இவன் மேலே எழுதியிருந்தான்.

எடிட்டருக்கு வருவோம். சில மெஷின்களில் ஜிட் கமிட் அடித்ததும் விம் திறந்துகொண்டு, வெளியே வரத் தெரியாமல் விழிப்பார்கள். எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யு, ஆச்சரியக்குறி, என்டர். வெளியே வந்தாயிற்றா? இனி அது திறக்காமலிருக்க, பேஷ்ஆர்சியில் எக்ஸ்போர்ட் எடிட்டர்=நானோ என்று ஒரு வரி, எடிட்டரைப் பெரிய எழுத்தில். ஜிட்டும் இன்னும் பல கமாண்டுகளும் அந்த வேரியபிளைப் பார்த்துத்தான் எதைத் திறப்பது என்று முடிவு செய்கின்றன. நானோவுக்கும் டாட் நானோஆர்சி என்று சொந்தச் சீட்டு உண்டு.

விம் கற்றுக்கொள்ள ஆசை என்றால் அதன் பூர்வீகம் தெரிந்தால் கொஞ்சம் கோபம் குறையும். 1976-ல் பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதியபோது அவர் கையில் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல். அந்தக் காலத்து டெர்மினல் என்பது திரையும் கீபோர்டும் சேர்ந்த ஒரு மெஷின். அதில் தனியாக அம்புக்குறிச் சாவிகள் கிடையாது, ஹெச், ஜே, கே, எல் சாவிகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். விம்மில் இன்றும் அந்த நாலு எழுத்துகளால் நகர்வது அதனால்தான். அதே கீபோர்டில் ஹோம் என்ற வார்த்தையும் அலைக்குறியும் ஒரே சாவியில் இருந்தன. ஹோம் ஃபோல்டருக்கு ~ என்று நாம் போடுவதும் அங்கிருந்து வந்த வழக்கம். விம் வந்தது 1991-ல், எழுதியவர் பிராம் மூலெனார். 2023-ல் காலமாகும்வரை அவரே அதைப் பார்த்துக்கொண்டார்.

டாட் விம்ஆர்சியில் புதியவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. விம் 8 முதல், உங்களுக்கென்று விம்ஆர்சி எதுவும் இல்லாவிட்டால், நிறம் காட்டுவது போன்ற சில வசதிகளை விம் தானாகவே போட்டுக்கொள்ளும். வரி எண் வேண்டும் என்று ஆசையாக செட் நம்பர் என ஒரே ஒரு வரி எழுதி நீங்கள் விம்ஆர்சியை உண்டாக்கினால், ஓ, இவரிடம் சொந்தச் சீட்டு இருக்கிறது என்று அந்த வசதிகளைப் போடாமல் விட்டுவிடும். ஒன்றைச் சேர்க்கப் போய் நாலு காணாமல் போகும். விம்மின் டிஃபால்ட்ஸ் ஃபைலைப் படிக்கச் சொல்லி முதல் வரியில் ஒரு சோர்ஸ் வரி போட்டுவிட்டால் பழையதும் இருக்கும், புதியதும் சேரும்.

அப்புறம் டேப். எக்ஸ்பாண்ட்டேப் என்று செட் செய்து, ஷிஃப்ட்வித், டேப்ஸ்டாப் இரண்டையும் 4 ஆக்கினால் டேப் சாவி நாலு இடைவெளிகளைப் போடும். பைத்தானுக்கு நிம்மதி. புரோகிராம்களைக் கட்டித்தரும் மேக் என்ற கமாண்டுக்கு (ஆப்பிள் மேக் அல்ல) மேக்ஃபைல் எழுதும்போது மட்டும் நிஜ டேப்தான் வேண்டும், இடைவெளி போட்டால் அந்தக் கமாண்ட் முறைத்துக்கொண்டு நிற்கும். ஃபைல்டைப் ப்ளக்இன் ஆன் என்று ஒரு வரி இருந்தால் விம் மேக்ஃபைலை அடையாளம் கண்டு அங்கே மட்டும் டேப்பை விட்டுவைக்கும். தேடுவதற்கு இக்னோர்கேஸ், ஸ்மார்ட்கேஸ் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்: சின்ன எழுத்தில் தேடினால் எல்லாம் கிடைக்கும், ஒரு பெரிய எழுத்துக் கலந்தால் கறாராகத் தேடும்.

வேறு லேப்டாப்புக்கு மாறும்போது கையோடு கொண்டுபோக, டாட்ஃபைல்களை ஒரு ஜிட் ஃபோல்டரில் வைத்து ஹோமிலிருந்து அதற்கு வழிகாட்டும் சிம்லிங்க் போடுவது வழக்கம். அதைப் பொதுவில் ஏற்றும் முன் ஒருமுறை ஃபைல் முழுக்கப் படியுங்கள். அவசரத்துக்கு எக்ஸ்போர்ட் போட்டு வைத்த பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும் அங்கேதான் பதுங்கியிருக்கும். ரகசியங்களைத் தனி ஃபைலில் வைத்து, ஜிட்டுக்கு அதைக் காட்டாமலிருப்பது நல்லது.

ஹேஷ் குறியில் தொடங்கும் வரியை ஷெல் படிக்காது, அது நமக்காக எழுதுவது. என்ன செய்கிறது என்பதைவிட ஏன் போட்டோம் என்று எழுதினால்தான் பின்னால் உதவும். அதைத் தமிழிலும் எழுதலாம், ஷெல்லுக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் பையனுடைய பேஷ்ஆர்சியில் அவனாகச் சேர்த்தது இப்போது இருபத்துமூன்று வரி. பாத் வரிக்கு மேலே இப்படி எழுதி வைத்திருக்கிறான்:

# ஏல, டாலர் பாத் கடைசில இருக்கான்னு பாரு. அண்ணன் பஸ்ல இருப்பான்.